லெட் என்றால் விடு

அத்தைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதற்காக அந்த வருடம் என்னைத் திட்டாத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. இத்தனை வருடம் கழித்தும் சொல்கிறேன், நான் சொன்ன அர்த்தங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. வேண்டுமானால் இன்றைக்கும் அகராதியைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம்.

அப்போது நாங்கள் பஃபலோ ரோட்டில் ஒரு காய்கறிக் கடைக்கு மேலே குடியிருந்தோம். ஒரே மாடியைப் பலகை வைத்துத் தடுத்து நான்கு குடும்பங்களுக்கு விட்டிருந்தார்கள். ஒரு தடுப்பில் இருமினால் அடுத்த தடுப்பில் கஷாயம் சொல்வார்கள். அப்பா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் கிளார்க். அவருக்கும் ஆங்கிலம் தெரியும் என்றுதான் பேர். கப்பல்காரர்களிடம் கற்ற ஆங்கிலம் என்பதால் அதில் பாதி அவசரம், மீதி வசவு. ஆகவே ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து ஒழுங்கான ஆங்கிலம் படித்த முதல் ஆள், அந்த மாடி முழுவதற்கும், பத்து வயதான நான்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா கடலுக்கு அந்தப் பக்கம், ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்துக் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அப்பா போய் ஒரு டிரங்குப் பெட்டியையும் அத்தையையும் பாலத்தைத் தாண்டிக் கூட்டிவந்தார். அத்தை என் பாயில் படுத்துக்கொள்வார். அவர் வந்ததைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில் அம்மாவுக்குத் தனித்திறமை உண்டு. அது அத்தைக்கு மட்டும் நன்றாகக் கேட்கும். எங்கேயாவது வேலை கிடைத்தால் போதும் என்று அத்தை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

எதிர் வரிசையில் ஒரு டிரைவர் அண்ணன் இருந்தார். சிராங்கூன் கார்டனில் ஒரு வெள்ளைக்கார ஆபீசருக்குக் கார் ஓட்டினார். அவருடைய ஆபீசர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்திருக்கிறது, சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டுமாம் என்று அவர்தான் வந்து சொன்னார்.

"ஆனா ஒண்ணு. அந்த மேமுக்கு மலாய் ஒரு வார்த்தை தெரியாது. வந்தே ஒரு மாசம்தான் ஆவுது. கொஞ்சமாச்சும் இங்கிலீஷ் வேணும்லா."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆரம்பித்தது என் வாத்தியார் உத்தியோகம்.

பள்ளிவிட்டு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் பாடம் தொடங்கும். நான் டிரங்குப் பெட்டிமேல். அத்தை கீழே, துணி மடித்துக்கொண்டு. எங்கள் மிஸ் எங்களுக்குச் செய்வதுபோலவே ஒரு வார்த்தையைச் சொல்லி, அர்த்தத்தைச் சொல்லி, மூன்று தரம் திருப்பிச் சொல்லவைப்பேன். திருப்பிச் சொல்வதில் அத்தைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவர் கேள்விகளைத்தான் தாங்க முடியாது.

"கம்னா வா, கோன்னா போ. சரி. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பறப்ப என்ன சொல்றது?"

"ஐ கோ-ன்னு சொல்லுங்க."

"போறேன்னா? விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு வீட்டுப் படியில நின்னு போறேன்னு சொல்லச் சொல்றியா? போயிட்டு வர்றேங்கிறதுக்கு என்ன?"

ஆங்கிலத்தில் அதற்கு ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லவும் வாத்தியாருக்கு மனம் வரவில்லை. "கோ அண்ட் கம்-ன்னு சொல்லுங்க" என்றேன். அத்தைக்கு அது திருப்தியாக இருந்தது.

'டேக்' என்றால் எடு, கொண்டு போ. அதிலும் தகராறு. "எடுங்கிறே, கொண்டுபோங்கிறே. மேம் டேக்னு சொன்னா நான் எடுத்து வெச்சுக்கறதா, எடுத்துட்டுப் போறதா? நாளைக்குத் திருடின்னு சொல்லிட்டா?" நான் யோசித்து, "வாயைப் பாக்காதீங்க அத்தை, கை எந்தப் பக்கம் காட்டுதுன்னு பாருங்க" என்றேன். இதைவிட நல்ல பதிலை எந்த ஆசிரியரும் சொல்லியிருக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன்.

'ப்ளீஸ்' பெரிய கலவரத்தில் முடிந்தது. தயவுசெய்து என்று அர்த்தம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் வெள்ளைக்காரர்கள் அதைச் சொல்வார்கள் என்றும் சொன்னேன். அத்தைக்கு ஒரே ஆச்சரியம். "வேலைக்காரிகிட்டயுமா? தயவுசெய்து துணியைத் துவைன்னா? பரவாயில்லையே, நம்ம வீடுகள்ல அப்படியெல்லாம் யார் கேக்கறா" என்றார். அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் தயவுசெய்தோ செய்யாமலோ எதுவும் கேட்கவில்லை.

'ஹேவ்' வந்தபோது எனக்கே வியர்த்தது. இருக்கு என்றும் வரும், வைத்திருக்கிறேன் என்றும் வரும், பின்னால் ஒரு 'டு' ஒட்டிக்கொண்டால் கட்டாயம் என்று வரும். 'ஐ ஹேவ் டு கோ' என்றால் நான் போயாகவேண்டும். அத்தை அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். 'லெட்' அதைவிடச் சுலபம். லெட் என்றால் விடு. ஒருத்தர் ஒன்றைச் செய்யவேண்டும் என்று கேட்கிறார், சரி செய்துகொள் என்று விடுவது. "லெட் மீ ஸீ, என்னைப் பாக்க விடு. லெட் ஹிம் ஸ்லீப், அவனைத் தூங்க விடு."

"லெட் ஹிம் ஸ்லீப்" என்று அத்தை அழகாகச் சொன்னார். ஆயா வேலைக்கு அது உபயோகமான வாக்கியம் என்றும் பாராட்டினார்.

இதையெல்லாம் அப்பா ஈஸிசேரில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஒரு நாளும் அவர் இது தப்பு, அது தப்பு என்று சொன்னதில்லை. "பேஷ், பேஷ்" என்றுதான் சொன்னார்.

அத்தைக்கு வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார். வந்ததும் அன்றைக்குக் கேட்ட புது வார்த்தைகளை மடியிலிருந்து காய்கறி எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைப்பார். நான் அர்த்தம் சொல்வேன். அர்த்தம் போக மிச்சமெல்லாம் அந்தப் பையனைப் பற்றிய பேச்சு. மூன்று வயதுகூட ஆகவில்லை. வைக்கோல் நிறத்தில் முடி. முட்டியில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. ரொட்டியின் ஓரத்தைத் தின்னமாட்டான். அத்தை மடியில் படுத்தால்தான் மத்தியானம் தூங்குவான். இந்த விவரங்களில் எனக்கு அக்கறை இல்லை. பாட நேரம் வீணாகிறதே என்றிருக்கும்.

"என்னை அத்தைன்னு கூப்பிடறான் அண்ணி" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் அன்று சிரித்துவிட்டார். "வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நீ அத்தையா? அப்ப எங்க வீட்டுக்காரர் அவனுக்கு யாரு?" அப்பா ஈஸிசேரிலிருந்து, "நான் அவன் அப்பனுக்கு மச்சான்" என்றார்.

அப்புறம் பையன் தண்ணி என்றான், வேணாம் என்றான், தூக்கு என்றான். ஒரு நாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது ஒரு தடித்த ஆபீசர் அவன் தட்டில் கேக் வைக்கப் போக, இவன் கையை நீட்டி, "போதும் போதும்" என்றானாம். எல்லாரும் கைதட்டினார்களாம்.

"மேம் மட்டும் சிரிக்கலை" என்றார் அத்தை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் புது வார்த்தை எதுவும் இல்லை.

அடுத்த தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை, அத்தை வெயில் தாழும் முன்பே வீடு திரும்பினார். கையில் ஒரு பிஸ்கட் டின். மூடியில் குதிரை வண்டி படம் போட்டிருந்தது. மேம் கொடுத்ததாம். மாதக் கடைசி என்பதால் சம்பளமும் வழக்கம்போல வந்திருந்தது.

"இன்னைக்கு மேம் என்னமோ மாதிரி இருந்தாங்க" என்று அத்தை சொன்னார். "ஐயாம் அஃப்ரெய்ட்னாங்க. எதுக்கோ பயந்து போயிருக்காங்க பாவம். எதுக்குன்னு சொல்லலை. அப்புறம் வீ ஹேவ் டு லெட் யூ கோ-ன்னாங்க."

"வீ ஹேவ் டு, நாங்க கட்டாயம்" என்று நான் விரல்விட்டு எண்ணினேன். "லெட், விட. யூ கோ, நீங்க போக. உங்களைப் போக விட்டே ஆகணும்னு சொல்லியிருக்காங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்காங்க, அத்தை."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். கோ அண்ட் கம்னேன். யெஸ் யெஸ்-னு தலையாட்டினாங்க. தோள்ல கையை வெச்சுத் தட்டிக்கூடக் கொடுத்தாங்க."

அப்பாவுக்கு ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. "வெள்ளைக்காரி எதுக்குப் பயப்படறா?" என்று கேட்டுத் தானே பதிலும் சொன்னார். ஊரில் தினம் ஒரு வேலைநிறுத்தமும் ஊர்வலமுமாக இருக்கிறது, அதுதான் பயம், இருட்டுவதற்குள் வேலைக்காரியை வீடு சேர்த்துவிடவேண்டும் என்ற நல்லெண்ணம் என்றார். நல்ல மனுஷி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பிஸ்கட்டை நான்கு தடுப்புக்கும் பங்கு வைத்தோம்.

திங்கட்கிழமை காலை அத்தை எப்போதும்போல பஸ் ஏறினார். நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது சுவரைப் பார்த்துப் பாயில் படுத்திருந்தார். டிரைவர் அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து அப்பாவிடமும் அம்மாவிடமும் கதையைச் சொல்லி முடித்திருந்தார். எனக்காக இன்னொரு தரம் சொன்னார்.

அத்தை போனபோது அந்த வீட்டுக் கொடியில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்ட ஒரு சீன ஆயா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இது யார் என்று அத்தை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மேம் வெளியே வந்தார். வெள்ளிக்கிழமை சொன்ன அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாகச் சொன்னார். பக்கத்து வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன்தான் வேலியருகே வந்து தமிழில் விளக்கினாராம். "வேலையை விட்டு நிறுத்திட்டாங்க அக்கா. வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்களாமே, உங்களுக்குப் புரியலையா?"

அதை அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உரக்கச் சொல்லியிருப்பார், அந்தத் தெருவிலுள்ள சமையல்காரர், தோட்டக்காரர் எல்லாரும் கேட்டிருப்பார்கள். எனக்கு அதை நினைக்கும்போதே காது சுட்டது.

"என்னத்தடி சொல்லிக்கொடுத்தே?" என்று அம்மா ஆரம்பித்தார். "ஒரு மனுஷியை வேலைக்கு வராதேன்னு சொன்னா, சீக்கிரம் வீட்டுக்குப் போன்னு அர்த்தம் சொல்லியிருக்கியே. அவ போய் அவங்க வாசல்ல நின்னு அசிங்கப்பட்டுட்டு வந்திருக்கா."

"பள்ளிக்கூடத்துல என்னதான் படிக்கிறே?" இது அப்பா. ஆம், அதே அப்பா. ஊர்வலம், நல்லெண்ணம் என்றெல்லாம் வியாக்கியானம் செய்தவர். "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்று வேறு சொன்னார்.

ஓடிப்போய்ப் பள்ளியில் பரிசாகக் கிடைத்த குட்டி அகராதியை எடுத்துவந்து அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினேன். லெட், அனுமதி கொடு. கோ, போ. அஃப்ரெய்ட், பயந்த. எழுத்து எழுத்தாகப் படித்துக்காட்டினேன். "எதுல தப்பு? நீங்களே சொல்லுங்க, எதுல தப்பு?" அப்பா கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

பாயிலிருந்து அத்தை திரும்பாமலே, "அவளைத் திட்டாதீங்க அண்ணே. வார்த்தை எல்லாம் சரியாத்தான் சொல்லிக்கொடுத்தா" என்றார்.

"சரியாச் சொல்லிக்கொடுத்தா ஏன் இப்படி ஆவுது?" என்றார் அம்மா.

அது நியாயமான கேள்வி. அதையே மறுநாள் பள்ளியில் எங்கள் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் யுரேஷியப் பெண்மணி. எப்போதும் பவுடர் வாசனை. நான் விஷயத்தைச் சொன்னதும் கையை வாயில் வைத்துச் சிரித்தார். அப்படிச் சொன்னால் வேலையை விட்டு நிறுத்துவதாக அர்த்தம், அது ஒரு மரியாதையான வழி என்றார்.

"யாருக்கு மரியாதை மிஸ்?" என்று கேட்டேன்.

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. நான் விடாமல் கேட்டேன். எங்கள் அத்தை போகவேண்டும் என்று கேட்கவே இல்லை. கேட்காதவரை எப்படிப் போக விடுவது? அந்த மேம் பயப்படுகிறேன் என்றாரே, அவர் எதற்குப் பயந்தார்?

பயமெல்லாம் இல்லை, வருத்தம் என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றார் மிஸ்.

"வருத்தத்துக்குத்தான் ஸாரி இருக்கே மிஸ். போன வருஷம் நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. அப்ப அவங்க சொன்னதெல்லாம் பொய்தானே?"

இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில்தான் கேட்டேன். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். அதற்காக யாரும் வகுப்புக்கு வெளியே நிற்கவைப்பதில்லை. வாய்த்துடுக்கு என்று நிற்கவைத்தார். ஒரு பீரியட் முழுக்கச் சுவரோரம் நின்று எதிரே ஆடிய ஆங்சானா மர நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டியவர்கள், நிற்கவைத்தவர்கள் எல்லாரையும்விட எனக்கு அந்த மேம்மீதுதான் ஆத்திரம். ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை எடுத்துத் தப்பாக உபயோகித்தவர் அவர். பழி மட்டும் எனக்கு.

சனிக்கிழமை நானே போய்க் கேட்கப்போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். வேண்டாம், பெரிய இடம், நமக்கெதற்கு என்று தடுப்பார் என்று நினைத்தேன். அத்தை எழுந்து உட்கார்ந்தார். "நானும் வர்றேன்" என்றார்.

அப்பாவிடம் தேக்கா மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஆங்கிலப் பள்ளி மாணவி என்று பார்த்தவுடன் தெரியட்டும் என்று நான் சனிக்கிழமையிலும் நீலச் சீருடையை மாட்டிக்கொண்டேன். அத்தை தீபாவளிச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். வேலையைத் திரும்பக் கேட்கப்போகிறவர் கொஞ்சம் எடுப்பாக இருப்பது நல்லதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது பேசவேண்டியதை மனத்துக்குள் இரண்டு பாகமாகப் பிரித்தேன். முதல் பாகம் 'லெட்'. இரண்டாம் பாகம் 'அஃப்ரெய்ட்'. இரண்டுக்கும் அகராதி ஆதாரம் கையில் இருந்தது.

அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி. இடுப்பளவு இரும்புக் கதவு, உள்ளே ஒரு துண்டு புல், சிவப்பு ஓடு. கதவருகே நின்று கூப்பிட்டேன். மேம் வெளியே வந்தார். நான் நினைத்த மாதிரி இல்லை. சின்ன வயசு. எங்கள் மிஸ்ஸைவிடச் சின்னவர். கன்னத்தில் வெயில் பட்ட சிவப்புத் திட்டுகள். அத்தையைப் பார்த்ததும் அந்தச் சிவப்பு கழுத்துக்கும் இறங்கியது.

"மேடம்," என்று ஆரம்பித்தேன், "லெட் மீன்ஸ் பெர்மிட். மை ஆண்ட்டி டிட் நாட் ஆஸ்க் பெர்மிஷன்."

அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் மேம் என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து மளமளவென்று பேச ஆரம்பித்தார். நான் எவ்வளவு மென்மையாகச் சொன்னேன், மனம் புண்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றார். உன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் காரணத்தைச் சொன்னார். மகன் ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் உன் பாஷையில் பதில் சொல்கிறான். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் சேர்த்தால் என்ன செய்வான்? அவன் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள்ளவேண்டாமா?

"என்னடி சொல்றாங்க?" என்று அத்தை கேட்டார்.

"அவன் ஒழுங்காப் பேசக் கத்துக்கணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் நாள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனபோது எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. மூத்திரம் வருகிறது என்று சொல்லத் தெரியாமல் பாவாடையை நனைத்தவர்கள் உண்டு. அதற்காக எங்கள் அப்பா அம்மாக்களை யாரும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே வலைக்கதவு படாரென்று திறந்தது.

"அத்தை!"

வெறுங்காலோடு புல்லில் ஓடிவந்தான். அத்தை குனிந்து கதவுக்கு மேலாகவே அவனைத் தூக்கிவிட்டார். அவன் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பூவில் மூக்கைப் புதைத்துக்கொண்டான். மேம் பின்னால் வந்து அவன் இடுப்பைப் பிடித்து, வா கண்ணே, போதும், உள்ளே போகலாம் என்று இழுத்தார். அவ்வளவுதான், அலறினான். கால்கள் இரண்டும் உதைத்துக்கொண்டன. கையை மட்டும் எடுக்கவில்லை.

"விடாதே! அத்தை, விடாதே!"

தெளிவான தமிழ். எங்கள் மாடியில் மூன்று வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லுமோ அப்படி. அத்தை அவன் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

மேம் என் பக்கம் திரும்பினார். அன்று முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டார். பெற்ற பிள்ளை என்ன கேட்கிறான் என்று சீருடை போட்ட ஒரு சின்னப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டார்.

அர்த்தம் கேட்டால் சொல்வது என் வேலை. "ஹி இஸ் ஸேயிங், டோன்ட் லெட் கோ" என்றேன். நான் அதை யோசித்துத் தேடி எடுக்கவில்லை. விடாதே என்றால் ஆங்கிலத்தில் அதுதான்.

மேம் பையனின் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். புல்லைத் தாண்டி உள்ளே போய், வாசலிலேயே கிடந்த பிரம்பு நாற்காலியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வலைக்கதவைச் சாத்தவில்லை.

அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே, வேலியோரமாக இப்படியும் அப்படியும் நடந்தார். ரொட்டி ஓரத்தையும் தின்னவேண்டும் என்றார். புது ஆயாவை அடிக்கக் கூடாது என்றார். மண்ணில் உட்காராதே, பூச்சி கடிக்கும் என்றார். அவன் விக்கிக்கொண்டே சரி சரி என்றான். நான் வெயிலில் அகராதியோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் விக்கல் நின்றது. மேம் எழுந்துவந்து கைகளை நீட்டினார். இந்தத் தடவை இழுக்கவில்லை, நீட்டிக்கொண்டு நின்றார். அத்தை அவனைக் கைமாற்றிக் கொடுத்தார்.

"தேங்க்யூ" என்றார் மேம். கண் இமையெல்லாம் ஈரமாக இருந்தது. அத்தை, "யெஸ் மேம்" என்றார். வலைக்கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான். வேலை என்ற பேச்சே எழவில்லை. 'அஃப்ரெய்ட்' பற்றி நான் தயாரித்திருந்த இரண்டாம் பாகம் அப்படியே வயிற்றில் நின்றது. "அத்தை, கூப்பிடுங்க, இன்னும் முடியலை" என்றேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "மேம்கிட்ட என்னடி சொன்னே? முகமே மாறிப்போச்சே" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை. அவன் சொன்னதுக்கு அர்த்தம் சொன்னேன். டோன்ட் லெட் கோ-ன்னு."

"லெட்டா? அதே லெட்டா?"

"அதே லெட்தான். எத்தனை தடவை சொல்லிக்கொடுக்கிறது?" என்று எரிந்து விழுந்தேன். தெரிந்த பாடத்தைத் திரும்பக் கேட்கும் மாணவியை எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்கும்?

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. சேலைத் தோளில் அவன் அழுத ஈரம் ஒரு கை அகலத்துக்குப் பரவியிருந்தது. காற்றில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் பலகையை இழுத்துத் திறந்துவிட்டு, அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவர் முகத்தில் வீடு வரைக்கும் இருந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மன்னிப்பும் கிடைக்கவில்லை. அந்த மேம் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாதத்தில் பாதியைக்கூட நாங்கள் பேசி முடிக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளையை ஐந்து நிமிஷம் தூக்கிவைத்திருந்துவிட்டு, இதற்காகத்தான் புறப்பட்டு வந்தவர்போல இவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபமான கோபம். இறங்கும் வரையில் நான் அவரோடு பேசவே இல்லை.